ஏரியில் விழுந்தவர் என்று மட்டும் சொல்லாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் இப்போதே படியுங்கள். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை படித்துக்கொள்ளுங்கள். படிக்காமலே கைகூப்பும் பொம்மை போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

நம் பழைய மாணவர் குழுவில் போன வாரம் ஒரு வீடியோ சுற்றியது. மெக்சிகோவில் ஒரு ராலி கார் சரிவில் இறங்கி ஏரிக்குள் போய் முழுகுகிறது. கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். அதோடு ஒருவன் இப்படி எழுதியிருந்தான்: "இந்த ஆளுக்கு இதே வேலை டீச்சர். எங்கயாவது போய் விழுவார். ஒரே ஒரு தடவை சாம்பியன் ஆனார். சின்ன நாடு, வேற ஆள் இல்ல, அதான் தலையில தூக்கி வச்சு ஆடறாங்க." நான் ராலி பார்ப்பேன் என்று தெரிந்தே என்னை வம்புக்கு இழுக்க எழுதியது. பெயர் சொல்ல மாட்டேன். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், இப்போது பெரிய கம்பெனியில் பெரிய வேலை. இழுத்துவிட்டாய் அல்லவா கண்ணு, பதிலையும் வாங்கிக்கொள்.

டீச்சருக்கு எதுக்குக் கார் பந்தயம் என்று கேட்கும் நாத்தனார் மகள்களுக்கும் ஒரு வார்த்தை. நான் கோயமுத்தூர்க்காரி. 2005-இல் ஃபார்முலா ஒன்றுக்குப் போன முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் நம் ஊர்ப் பையன். அவருடைய அப்பாவே ராலி ஓட்டியவர். ரிட்டயர் ஆனபின் பேரனோடு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். பேரன் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான், நான் இங்கேயே தங்கிவிட்டேன். சீரியல் பார்ப்பதைவிட இது ஒன்றும் மோசமில்லை.

அந்த ஏரிக்காரர் பெயர் ஒட் டானக். எஸ்டோனியா நாட்டுக்காரர். அவர்கள் மொழியில் 'டா' என்ற இடத்தில் வரும் ஏ எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைப்பார்கள். நமக்குத் தலையில் புள்ளி வைத்தால் மெய்யெழுத்து, சத்தம் சுருங்கிவிடும். அவர்களுக்கு அந்தப் புள்ளி வைத்தால் அது வேறொரு உயிரெழுத்து. சரியான உச்சரிப்பு 'டா'வுக்கும் 'டே'வுக்கும் நடுவில். நான் டானக் என்றே எழுதுகிறேன்.

முதலில் ராலி என்றால் என்ன என்று தெரியாமல் அதில் விழுந்தவரைப் பார்த்துச் சிரிப்பதைப் பற்றிப் பேசுவோம். மைதானத்தில் எல்லாக் கார்களும் ஒன்றாகக் கிளம்பி வட்டமாகச் சுற்றும் பந்தயம் இல்லை இது. காட்டுப்பாதை, மண்ரோடு, பனி, மலை வளைவு. ஒவ்வொரு காராகச் சில நிமிட இடைவெளி விட்டு அனுப்புவார்கள். எதிரி கண்ணுக்கே தெரிய மாட்டான், கடிகாரம்தான் எதிரி. மூன்று நான்கு நாளில் சுமார் 300 கிலோமீட்டர், எல்லா நேரத்தையும் கூட்டி யாருக்குக் குறைவோ அவர் வெற்றி.

பாதையை முன்கூட்டி இரண்டு தடவை மட்டும் நிதான வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். அப்போது ஓட்டுபவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில் இருப்பவர் குறிப்பு எழுதிக்கொள்வார். எந்த வளைவு, எவ்வளவு கூர்மை, எங்கே மேடு, எங்கே கல். போட்டியன்று அவர் அதை வாசித்துக்கொண்டே வருவார், ஓட்டுபவர் காதில் வாங்கி ஓட்டுவார். மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கண் பார்ப்பதற்கு முன் காது கேட்டுவிட வேண்டும். நாம் வகுப்பில் சொல்வதெழுதுதல் நடத்துவோமே, அதை 150 கிலோமீட்டர் வேகத்தில், சொல்பவரும் எழுதுபவரும் குலுங்கிக்கொண்டே நடத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிழை வந்தால் சிவப்பு மையால் சுழிக்க ஆள் வராது, மரம்தான் வரும்.

இன்னொரு விதியும் இருக்கிறது. மண்ரோட்டில் முதலில் போகும் கார்தான் துடைப்பம். மேலே கிடக்கும் சரளையைத் தள்ளிக்கொண்டே போகும், டயர் பிடிக்காது. பின்னால் வருகிறவனுக்குக் கூட்டிவிட்ட ரோடு. முழு முதல் நாளில் அப்படி முதலில் போக வேண்டியவர் யார் தெரியுமா? புள்ளிப் பட்டியலில் முதலில் இருப்பவர். வகுப்பில் முதல் ரேங்க் வாங்கியவனுக்கு மட்டும் கஷ்டமான கேள்வித்தாள் கொடுப்பது மாதிரி.

இப்போது 'ஒரே ஒரு தடவை'க்கு வருகிறேன். உலக ராலி சாம்பியன் பட்டம் 2004 முதல் 2012 வரை ஒன்பது வருடமும் செபாஸ்டியன் லோப் என்ற பிரெஞ்சுக்காரருக்கு. 2013 முதல் 2018 வரை ஆறு வருடமும் செபாஸ்டியன் ஓஜியே என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரருக்கு. பதினைந்து வருடம் செபாஸ்டியன் என்று பெயர் இருந்தால்தான் பட்டம் என்கிற நிலைமை. 2020, 2021-லும் ஓஜியேதான். ஆக, பதினெட்டு வருடத்தில் நடுவில் ஒரே ஒரு வருடம் வேறு பெயர் வருகிறது. 2019, ஒட் டானக், டொயோட்டா யாரிஸ் கார். அந்த 'ஒன்று' எப்படிப்பட்ட ஒன்று என்று பார்க்காமல் எண்ணிக்கையைச் சொல்வது, மலையில் நின்று படியை எண்ணாமல் தலையை எண்ணுவது மாதிரி.

அந்த வருடம் நடந்த 13 ராலியில் ஆறு அவருடையது. ஸ்வீடனில் பனி, சிலி, போர்ச்சுகல், பின்லாந்தில் மண், ஜெர்மனியில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே தார், வேல்ஸில் மழைச் சகதி. ஒரே வகை ரோட்டில் கெட்டிக்காரர் என்று ஒதுக்கவும் முடியாது. கடைசியில் ஸ்பெயினில் இரண்டாம் இடம் பிடித்துப் பட்டத்தை உறுதி செய்தார்.

என்னைக் கேட்டால் பட்டத்தைக்கூட விட்டுவிடலாம். அவர் யார் என்று தெரிய ஒரே ஒரு இடத்தைப் பார்த்தால் போதும். இத்தாலியின் சார்டீனியா தீவு. கல்லும் முள்ளும் புழுதியுமான குறுகல் மண்ரோடுகள். டானக்கும் தீவுக்காரர்தான். சாரெமா என்று பால்டிக் கடலில் ஒரு தீவு, மொத்தம் சுமார் 30 ஆயிரம் பேர் வசிக்கும் ஊர். ஆனால் அங்கே குளிர், இங்கே வெயில்.

2012-இல் இதே சார்டீனியாவில் மூன்றாவதாக வந்தார். உலக ராலியில் அவர் மேடையேறியது அதுதான் முதல் தடவை. வயது 25. அந்த வருடம் முழுக்க வேகமும் இருந்தது, விபத்தும் இருந்தது. வருட முடிவில் ஃபோர்டு கார்களை ஓட்டும் எம்-ஸ்போர்ட் அணி அவரை வைத்துக்கொள்ளவில்லை. 2013-இல் உலகப் போட்டியில் அவருக்கு அணி கிடையாது. ஊருக்குப் போய் உள்ளூர் ராலி ஓட்டினார். 2014-இல் ஒரு படி கீழே உள்ள பிரிவில் வந்து, திரும்ப ஏறினார். ஐந்து வருடம் கழித்து, 2017-இல், அதே சார்டீனியாவில் முதல் வெற்றி. அணி எது? அவரை அனுப்பிவிட்ட அதே எம்-ஸ்போர்ட்.

2019-இல் அங்கே என்ன நடந்தது தெரியுமா? கடைசிக் கட்டம் ஒன்றுதான் பாக்கி, 26 விநாடிக்கும் மேல் முன்னிலை. ராலியில் அது ஒரு வீடு கட்டும் அளவு இடைவெளி. அந்தக் கட்டத்தில் பவர் ஸ்டீயரிங் போய்விட்டது. பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய அம்பாசடரைத் திருப்பிப் பார்த்தவர்களுக்குப் புரியும், அதை அந்த வேகத்தில், மண்ரோட்டில் திருப்ப வேண்டும். முதலில் இருந்தவர் ஐந்தாவதாக முடித்தார். 2022-இல் திரும்ப வந்து ஹூண்டாய் காரில் ஜெயித்தார். 2024-இல் கணக்கு தலைகீழ். கடைசிக் கட்டத்தில் ஓஜியே முன்னிலை, அவருடைய டயர் காற்று இறங்கியது, டானக் 0.2 விநாடியில் ஜெயித்தார். மூன்று நாள் ஓட்டத்தின் முடிவில் வித்தியாசம் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. உலக ராலி வரலாற்றில் இதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் யாரும் ஜெயித்ததில்லை. 2011-இல் ஜோர்டானில் ஒரு தடவை இதே அளவு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த 0.2 விநாடி வீடியோவை நம் குழுவில் யாரும் போடவில்லை. ஏரி வீடியோ மட்டும் எல்லோரிடமும் இருக்கிறது.

சரி, அந்த ஏரிக்கே வருவோம். 2015, மெக்சிகோ ராலி. கார் ரோட்டை விட்டு இறங்கியது, ஏரியில் விழுந்தது, கொஞ்ச நேரத்தில் முழுகியது. டானக்கும் பக்கத்தில் இருந்த ராய்கோ மோல்டரும் வெளியே நீந்தி வந்தார்கள். இதோடு வீடியோ முடிந்துவிடும், நீங்களும் சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள். அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள். காரைத் தண்ணீரிலிருந்து தூக்கினார்கள். மெக்கானிக்குகளுக்கு விதிப்படி கிடைக்கும் நேரம் மூன்று மணி. அந்த மூன்று மணி நேரத்தில் ஏரித்தண்ணீர் புகுந்த காரைப் பிரித்து, துடைத்து, காயவைத்து, மாட்டி, ஓட வைத்தார்கள். மறுநாள் காலை அதே இரண்டு பேரும் அதே காரில் ஏறி அதே ராலியைத் தொடர்ந்தார்கள், முடித்தார்கள். 'டைட்டானக்' என்று பெயர் வைத்தது உலகம். வைத்துவிட்டுப் போகட்டும். விழுந்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் பரப்புகிறவர்களிடம்தான் என் சண்டை. அந்த மெக்கானிக்குகள் பெயர்கூட யாருக்கும் தெரியாது. எனக்குமே தெரியாது, அது வேறு விஷயம்.

2020 ஜனவரி, மான்டி கார்லோ. ஹூண்டாயில் சேர்ந்து முதல் ராலி. 180 கிலோமீட்டர் வேகத்தில் கார் மலைச்சரிவில் பறந்து, உருண்டு, கீழே இன்னொரு ரோட்டருகில் போய் நின்றது. இரண்டு பேரும் காயமில்லாமல் இறங்கினார்கள். அந்த வீடியோவும் உங்களிடம் இருக்கும். அடுத்த ராலி ஸ்வீடன், மூன்று வாரத்துக்குள். அதில் அவர் இரண்டாம் இடம். இந்த ஹூண்டாய் பெயர் ஐ20 என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் இருங்காட்டுக்கோட்டையில் செய்யும் அதே பெயர். பெயரும் முகமும்தான் ஒன்று, உள்ளே முழுக்க வேறு வண்டி. அதனால் 'எங்க வீட்டு ஐ20-லயும் ஓட்டிப் பார்க்கிறேன் பெரியம்மா' என்று யாரும் கிளம்பாதீர்கள்.

விழுந்ததே இல்லை என்று நான் வாதாடவில்லை. 2024 ஜப்பானில் கடைசி நாள் முன்னிலையில் இருந்து ரோட்டை விட்டுப் போனார். அதனால் ஹூண்டாய் அணிக்குக் கிடைக்க வேண்டிய தயாரிப்பாளர் பட்டம் 3 புள்ளியில் டொயோட்டாவுக்குப் போனது. அது பெரிய தவறு, அதற்கு யாரும் சாக்கு சொல்ல முடியாது. ஆனால் எல்லை எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர் சில நாள் அதைத் தாண்டித்தான் போவார். பத்திரமாக ஓட்டி ஆறாம் இடம் வருகிறவர் ஏரியில் விழமாட்டார், ஆனால் உங்களுக்கு அவர் பெயரும் தெரியாது.

இனி 'சின்ன நாடு, வேற ஆள் இல்லை'. எனக்குக் கோபம் வந்ததே இந்த வரியில்தான். எஸ்டோனியாவின் மக்கள்தொகை 14 லட்சத்துக்கும் குறைவு. கோயமுத்தூர் மாவட்டம் மட்டும் 2011 கணக்கில் 34 லட்சத்துக்கு மேல். சின்ன நாடுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆள் இல்லையா? எர்க்கி நூல், 2000 சிட்னி ஒலிம்பிக்கில் டெக்கத்லான் தங்கம். கெர்ட் கான்டர், 2008 பெய்ஜிங்கில் வட்டெறிதல் தங்கம். கிறிஸ்டினா ஷ்மிகுன் என்ற பெண், 2006 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு ஓட்டத்தில் இரண்டு தங்கம். அனெட் கொன்டாவெய்ட், 2022-இல் டென்னிஸில் உலகின் இரண்டாம் இடம். டோக்கியோவில் வாள்சண்டை மகளிர் அணி தங்கம். 140 கோடிப் பேர் இருக்கும் நாம் தனிநபர் பிரிவில் வாங்கிய ஒலிம்பிக் தங்கம் இதுவரை இரண்டு, பிந்த்ராவும் நீரஜும். ஷ்மிகுன் ஒருத்தி கணக்கு அது. இதில் யார் யாரைப் பார்த்து ஆள் இல்லை என்பது?

இத்தனை பேர் இருக்கும்போதும் டானக்கைக் கொண்டாடுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் வேறு. அந்த நாட்டுக் கிராமங்களில் இன்றும் ஏராளமான ரோடு மண்ரோடு. ராலி அவர்களுக்கு டிவியில் வரும் சங்கதி இல்லை, வீட்டுக்குப் பின்னால் நடப்பது. சோவியத் காலத்திலேயே டாலின் நகரில் 'எஸ்டோனியா' என்ற பெயரில் பந்தயக் கார்கள் செய்தவர்கள். அந்தக் காலத்தில் அவர்களுடைய நீலம், கறுப்பு, வெள்ளைக் கொடியை வெளியே காட்டவே தடை. டானக் பிறந்தது 1987. நாடு மீண்டும் சுதந்திரம் அடைந்தது 1991 ஆகஸ்டில், அப்போது அவருக்கு நான்கு வயதுகூட முடியவில்லை. பின்லாந்து ராலி நடக்கும்போது கடலில் இரண்டு மணி நேரம் கப்பலில் போய் இறங்கி, காட்டோரம் அதே கொடியோடு கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள். அப்பா அம்மா ஒளித்து வைத்த கொடி அது. அதை 'வேற வேலை இல்லாதவங்க' என்று ஒரு சிரிப்பு பொம்மையில் முடித்துவிடலாமா?

அந்தக் கூட்டம் டானக்குக்கு முன்பே சேர்ந்த கூட்டம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மார்க்கோ மார்ட்டின் என்று ஒருவர். உலக ராலி ஒன்றை ஜெயித்த முதல் எஸ்டோனியர், மொத்தம் ஐந்து வெற்றி. 2005-இல் வேல்ஸ் ராலியில் அவர் கார் மரத்தில் மோதியது. பக்கத்தில் குறிப்பு வாசித்துக்கொண்டிருந்த மைக்கேல் பார்க் இறந்துபோனார். மார்ட்டின் உலக ராலியை அத்தோடு விட்டார். சில வருடம் கழித்து, தீவிலிருந்து வந்த இந்தப் பையனைத் தன் அணியில் சேர்த்துக் கார் கொடுத்து உலகப் போட்டிக்கு அனுப்பியது அவர்தான். தன் நண்பனைப் பறித்த விளையாட்டுக்கு இன்னொருவனை அனுப்ப அவருக்கு மனம் எப்படி வந்தது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். ஊர்க்காரர்கள் டானக்கைப் பார்க்கும்போது இதையெல்லாம் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். 2020 செப்டம்பரில் உலக ராலி முதல் தடவையாக எஸ்டோனியாவுக்கு வந்தது, டார்ட்டு நகரைச் சுற்றிய ரோடுகளில். ஜெயித்தது டானக். கொரோனா காலம், கூட்டத்துக்குக் கட்டுப்பாடு. அதுதான் எனக்கு இன்றும் ஒரு குறை.

இன்னொரு பேச்சும் அடிபட்டது, 'பேசவே மாட்டார், சிரிக்க மாட்டார், இவர் எப்படி ஸ்டார்' என்று. பெங்களூரில் இருக்கும் ஒரு மாணவி பர்சனல் பிராண்டிங் பற்றி ஒரு பத்தியே எழுதியிருந்தாள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கார் ஜன்னலுக்குள் மைக்கை நீட்டுவார்கள். மற்றவர்கள் கதை சொல்வார்கள். டானக் இரண்டு மூன்று வார்த்தை சொல்வார், சில சமயம் அதுவும் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் மனுஷனிடம் அதற்கு மேல் என்ன எதிர்பார்க்கிறீர்கள்? நேரம் திரையில் இருக்கிறது. அஜித் கார் ஓட்டுகிறார் என்றால் நாம் பார்க்கிறோம், அவர் ஏற்கெனவே அஜித் என்பதால். ஓட்டுவதைத் தவிர வேறு எதையும் காட்டாத ஒருவருக்கு ஒரு நாடே நிற்கிறது என்றால், பிராண்டிங் பாடத்தில்தான் ஏதோ பக்கம் விட்டுப்போயிருக்கிறது. என் வகுப்பில் வாயே திறக்காமல் கணக்கை மட்டும் சரியாகப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரியும். நீங்கள் லைக்கும் போட மாட்டீர்கள், அதுவும் தெரியும்.

2017 முதல் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு வாசித்தவர் மார்ட்டின் யர்வெயோயா. வெற்றி அத்தனையும் இவரோடுதான், மொத்தம் 22. மேலே சொன்ன மார்ட்டின் வேறு, இவர் வேறு. குழப்பிக்கொண்டு எனக்கு போன் செய்யாதீர்கள். தலைப்புச் செய்தியில் இவர் பெயர் வராது. அதே காரில்தான் இவரும் பறந்தார், உருண்டார்.

2025 முடிவில் டானக் குடும்பத்துக்காக முழுநேர ஓட்டத்திலிருந்து விலகிக்கொண்டார். 'தோத்துட்டு ஓடிட்டார்' என்று எழுதத் தயாராக ஒருவன் உட்கார்ந்திருப்பான். அந்த வருடம் ஜூலையில் சொந்த ஊர் ராலியில் ஆலிவர் சோல்பெர்க் என்ற இளைஞரிடம் தோற்று இரண்டாவதாக வந்தது உண்மைதான். அந்த ஆலிவருடைய அப்பா பெட்டர் சோல்பெர்க்தான் இரண்டு செபாஸ்டியன்களுக்கும் முன்னால், 2003-இல் சாம்பியனாக இருந்தவர். ஆனால் அதற்கு முந்தைய மாதம் கிரீஸ் நாட்டின் அக்ரோபோலிஸ் ராலியை டானக் ஜெயித்திருந்தார். பாறை உருளும் ரோடு, கார்களை முறிப்பதற்கே பெயர் போன ராலி. விலகுவதற்கு முன் அவர் வாங்கிய கடைசி வெற்றி அது. 2003-இல் மார்க்கோ மார்ட்டின் எஸ்டோனியாவுக்கு முதல் வெற்றி வாங்கிக் கொடுத்ததும் அதே அக்ரோபோலிஸில்தான்.

பதில் எழுதுகிறவர்கள் தமிழில் எழுதுங்கள். பொம்மை போடாதீர்கள். ஒற்றுப்பிழை இருந்தால் திருத்துவேன்.